உயில் எழுதும் வேளையில் வேண்டிய துணை

சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் விசாரணை எல்லைக்குள், அதாவது பழைய சென்னைப் பட்டணத்துக்குள், ஒரு ஹிந்துக் குடும்பஸ்தர் உயில் எழுதி வைத்துவிட்டுக் காலஞ்சென்றால், அந்த உயிலை ஆதாரமாகக் காட்டி அவருடைய மக்கள் எந்தப் பாத்தியதையையும் நியாயஸ்தலத்தில் நிலைநாட்டுமுன், உயில் மெய்யானதென்று நீதிமன்றம் அளிக்கும் சான்றாகிய புரொபேட்டை அதற்குப் பெற்றே தீரவேண்டும் என்று 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தன் 213-ஆம் பிரிவில் நெடுங்காலம் விதித்திருந்தது. மதுரையிலுள்ள வீட்டைப் பற்றி மதுரையிலேயே எழுதப்பட்ட ஹிந்து உயிலுக்கு அந்த நிர்ப்பந்தம் இருந்ததில்லை. முஸ்லிம்களுக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்களித்தது. இடத்தாலும் மதத்தாலும் பிரஜைகளிடையே இவ்விதம் வேற்றுமை பாராட்டிய அந்தப் பிரிவை 2025 டிசம்பரில் பாராளுமன்றம் நீக்கியது. நியாயமான காரியம், பல குடும்பங்களுக்குப் பண விரயமும் கால விரயமும் இதனால் குறையும்.

ஆனால் அந்த நிர்ப்பந்தத்தால் விளைந்து வந்த ஓர் உபகாரமும் அதனுடன் சேர்ந்து போய்விட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது. புரொபேட் கோரி மனுச் செய்யும்போது, பெரும்பாலும் உயில் எழுதியவர் இறந்து அதிக காலம் செல்லாத நிலையில், சாட்சிகள் உயிருடனும் ஞாபகசக்தியுடனும் இருக்கும் பருவத்திலேயே, நெருங்கிய வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டு, ஆட்சேபணை உடையவர்கள் அதை அப்போதே சொல்லும்படி அழைக்கப்பட்டு, இந்தச் சாசனம் மெய்யானதுதானா என்ற ஒரே கேள்வி விசாரிக்கப்பட்டு, சகலரையும் கட்டுப்படுத்தும் ஒரு முடிவு ஏற்பட்டுவிடும். இனி விரும்புகிறவர்கள் மாத்திரமே அந்த வழியை நாடுவார்கள். மற்றவர்களுடைய உயில்கள் பீரோவில் மூலப் பத்திரங்களோடு கிடந்து, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து எவரோ ஒரு பேரன் தொடுக்கும் பாகப்பிரிவினை வழக்கில், ஒரு சாட்சி மரித்தும் மற்றொரு சாட்சி இருக்குமிடம் தெரியாமலும் போன பின்பு, முதன்முதலாக நிரூபணத்துக்கு நிற்கும். வெளி ஜில்லாக்களில் இந்நிலை பழகிப்போனது. இப்போது தலைநகரமும் அதில் சேர்ந்துகொண்டது. ஆகவே உயில் விஷயத்தில் சாமானியக் குடும்பங்களுக்கு வேண்டிய சட்ட உதவி, மரணம் நேர்ந்த பிறகு நீதிமன்ற வாசலில் கிடைப்பது போதாது; உயில் எழுதப்படும் அந்த வேளையில், எழுதுகிறவரின் பக்கத்திலேயே அது இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயிலுக்குச் சட்டம் விதித்திருக்கும் சடங்குகள் மிகச் சொற்பம். புத்தி சுவாதீனமுள்ள மேஜர் எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் கையொப்பமிடவேண்டும், அல்லது கைநாட்டு வைக்கவேண்டும். அதைக் கண்ணால் கண்டவர்களோ, நான் இட்ட கையெழுத்துத்தான் என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டவர்களோ ஆகிய இரு சாட்சிகளேனும், அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிடவேண்டும். பதிவு செய்வது அவரவர் இஷ்டம். இவ்வளவு சுலபமாக இருப்பதனாலேயே ஜனங்கள் இதில் ஏமாந்து போகிறார்கள். உயிலை எழுதுவது எளிது. அதை எழுதியவர் இல்லாத ஒரு நாளில், அவருடைய கையெழுத்தையும் மனநிலையையும் சுதந்திரத்தையும் அந்நியர் ஒருவர் முன் ஸ்தாபிப்பது மிகக் கடினம்.

சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரை விழுந்துவிட்டால் உயில் அசைக்க முடியாததாகிவிடும் என்று நம்முடைய குடும்பங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. பதிவு செய்யப்பட்ட உயிலானாலும், சாட்சிகளில் ஒருவர் உயிரோடிருந்து நீதிமன்றத்துக்கு வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்தாலன்றி அதைச் சாட்சியமாக ஏற்கமுடியாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் விதி. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டமும் அதையே 67-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. மேலும், மைசூர் ராஜ்யத்திலிருந்து வந்த வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் 1958-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நெறி இன்றளவும் நிலைத்திருக்கிறது: உயிலைச் சூழ்ந்து சந்தேகத்துக்கிடமான நிலைமைகள் இருக்குமாயின், அவற்றையெல்லாம் நீக்கி நீதிபதியின் மனச்சாட்சியைத் திருப்தி செய்யவேண்டிய பாரம், அந்த உயிலைக் கொண்டுவருகிறவரையே சேரும். அந்திமக் காலத்தில் நடுங்கும் கையால் இடப்பட்ட ஒப்பம், ஆதாயம் அடைகிற மகனே முன்னின்று நடத்திய ஏற்பாடு, மனைவிக்கும் மற்ற மக்களுக்கும் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டு அதற்கொரு காரணமும் சொல்லாத மௌனம், இவையெல்லாம் ஒன்றுசேரும்போது மெய்யான உயிலும் பொய்யான உயிலைப்போல் காட்சியளிக்கும். தாம் ஆரோக்கியமாகவும் சுயபுத்தியோடும் எவருடைய தூண்டுதலுமின்றியும் எழுதுவதாக எல்லா உயில்களின் தலைப்பிலும் ஒரே மாதிரியாகத் தட்டச்சு செய்யப்படும் வாசகம், அந்தச் சந்தேகங்களில் ஒன்றையும் போக்காது.

அந்த வாசகத்தை எழுதிக் கொடுக்கும் பத்திர எழுத்தர்களை நான் குறைவாக மதிக்கவில்லை. சர்வே எண்ணும் நான்கெல்லையும் பிசகாமல் எழுதுவதிலும், கிரயம், விடுதலை, பாகப்பிரிவினை என்று ஒவ்வொரு பத்திரத்தின் முறையையும் அறிந்து வைத்திருப்பதிலும் அவர்களுக்கு நிகர் அவர்களே; கிராமாந்தரங்களில் சட்டத்தின் முகமாக ஜனங்கள் காண்பதும் அவர்களைத்தான். ஆனால் அவர்களிடம் பெரியவரை அழைத்து வருகிறவர் யார், எழுத்துக் கூலி கொடுக்கிறவர் யார் என்று பார்த்தால், பல இடங்களில் சொத்தை அடையப் போகிறவரே அவராக இருக்கிறார். பெரியவர் பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்க, மகன் சொல்லிக்கொண்டே போக, எழுத்தர் எழுதிக்கொண்டே போக, முடிவில் கையெழுத்து மாத்திரம் பெரியவருடையதாகிறது. எந்த மோசடியும் இல்லாமல், எல்லோருடைய நல்லெண்ணத்தோடும்கூட இது நடக்கலாம். எனினும் அந்தப் பெரியவரிடம் தனியாக அமர்ந்து, ஐயா, உங்களுக்கு எத்தனை மக்கள், எந்தச் சொத்து யார் சம்பாதித்தது, இளைய மகளுக்கு ஏன் ஒன்றும் எழுதவில்லை, உங்களுக்குப் பின் அம்மா எங்கே இருப்பார் என்று ஒருவரேனும் கேட்டிருக்க வேண்டாமா? உயில் விஷயத்தில் வக்கீலின் உபகாரம் முக்கியமாக இந்தத் தனிமையிலும் இந்தக் கேள்விகளிலும் அடங்கியிருக்கிறது. அழகிய வாசகம் அதற்குப் பிற்பட்டது.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர், சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் துணைசெய்வார். எழுதுகிறவரைவிட வயதில் இளையவராக, ஊரில் நிலையாக வசிப்பவராக, சொத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லாதவராக இருக்கவேண்டும். வயோதிகர் நோயாளியாயின், அவருக்கு வைத்தியம் பார்த்து வரும் டாக்டரே ஒரு சாட்சியாக அமைவது மிகவும் விசேஷம். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக் கையெழுத்திட்டவருக்கோ, அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ கொடுத்தது செல்லாமல் போய்விடும் என்பதையும், கிறிஸ்தவர் உயில் எழுதிய பின் விவாகம் செய்துகொண்டால் அந்த உயிலே ரத்தாகிவிடும் என்பதையும் அவர் எடுத்துச் சொல்வார். இவ்விரண்டு விதிகளும் ஹிந்துக்களுக்கு இல்லை. முஸ்லிமாயின், ஈமச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி எழுதி வைக்க இயலாதென்றும் சொல்வார். கைநாட்டு வைக்கிறவருக்கு உயிலைப் படித்துக் காட்டியவர் யார் என்பதையும் அதிலேயே எழுதி வைப்பார். நிறைவேற்றாளர் ஒருவரை நியமிக்கும்படியும் சொல்வார். ஏனெனில் பிற்பாடு எவரேனும் புரொபேட் பெற விரும்பினால் அது உயிலில் நியமிக்கப்பட்ட நிறைவேற்றாளருக்கே கிடைக்கும். அப்படி ஒருவர் இல்லையேல் வேறொரு வழியாக நிர்வாக அதிகாரம் கேட்க நேரும்.

இவ்விஷயத்தில் பெண்களின் நிலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். உயில் என்றாலே ஆண்மகன் எழுதுவது, பெண்டிர் அதில் பெயர் குறிப்பிடப்படுகிறவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உத்தியோகம் பார்க்கிற பெண்கள், வீடு வாங்கியிருக்கிற பெண்கள், வங்கியில் சேமிப்பு வைத்திருக்கிற பெண்கள், இவர்களில் எத்தனை பேர் தங்களுக்குப் பின் அது யாருக்குப் போகும் என்று விசாரித்திருக்கிறார்கள்? 1956-ஆம் ஆண்டின் ஹிந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமலும் சந்ததியில்லாமலும் இறக்கும் விதவையின் சுயார்ஜித சொத்து, அவளைப் பெற்ற தாய் தந்தையருக்கு முன்பாக, அவள் கணவனின் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் வழக்கைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும். மணமான 3 மாதத்துக்குள் கணவனை இழந்து, புக்ககத்திலிருந்து துரத்தப்பட்டு, பிறந்த வீட்டில் அடைக்கலம் புகுந்து, அங்கேயே கல்வி கற்று, உத்தியோகம் பார்த்துச் சேமித்த ஒரு பெண்மணி 1996-ல் உயில் எழுதாமலே இறந்துபோனார். அவரைப் படிக்கவைத்த தாய்க்கு அந்தச் சேமிப்பு கிடைக்கவில்லை. அவரை ஒருநாளும் ஆதரித்திராத கணவன் வீட்டாருக்கு, கணவனின் சகோதரி மக்களுக்கு, அது சேர்ந்தது. அனுதாபத்தைக்கொண்டு சட்டத்தின் வாசகத்தை மாற்றமுடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு தாளில் எழுதிய நான்கு வரிகளும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் அந்தத் தாய் நியாயஸ்தலத்தின் படி ஏறியிருக்கவேண்டியதில்லை.

மற்றொரு பக்கத்தில், பெண்களின் பாத்தியதையைப் பறிக்கவும் உயில் கருவியாகிறது. விவாகமாகாத பெண்மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்மக்களுக்குச் சமமான உரிமையை, தேசம் முழுவதும் 2005-ல் செய்ததற்குப் பல ஆண்டுகள் முன்பாகவே, 1989 மார்ச் முதல் வழங்கிய பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆயினும் தகப்பனார் தம் பங்கை உயில் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற சுதந்திரமும் சட்டத்திலேயே இருப்பதனால், நகையும் சீரும் செய்தாகிவிட்டது என்ற ஒரு வரியோடு மகள் விலக்கப்படுகிறாள். மனைவிக்கு எழுதும்போதோ, அவள் ஜீவதசை வரை அனுபவித்துவரவேண்டும், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த ஆயுட்கால அனுபவம் அவளுக்கு முழு உரிமையாக மலருமா, மலராதா என்பதில் 1977-ஆம் ஆண்டின் துளசம்மா வழக்கு தொடங்கி நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகச் சொல்லிவந்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அக்கேள்வியைப் பெரிய அமர்வு ஒன்றுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. சட்ட நிபுணர்களுக்கே இத்தனை குழப்பம் தரும் ஒரு வாசகத்தை, தன் மனைவி கடைசிக் காலத்தில் வைத்தியச் செலவுக்கு எங்கே போவாள் என்று சிந்திக்காமல் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதிவைப்பது, அந்த மனைவிக்குச் செய்யும் பெரும் அநீதி.

உயிலுக்குப் பதிலாக ஜீவதசையிலேயே மக்களுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் அதே வீட்டுத் திண்ணையில் அந்நியராகிவிட்ட முதியோரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உயில் மரணம் வரை எழுதியவரின் சுவாதீனத்தில் இருக்கிறது. எத்தனை முறையும் மாற்றலாம், கிழித்தும் எறியலாம். செட்டில்மென்ட்டோ எழுதிய மாத்திரத்திலேயே சொத்தைக் கைமாற்றிவிடுகிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, தம்மைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு, 2007-ஆம் ஆண்டின் அச்சட்டம் அமலுக்கு வந்த பின் கொடுத்த சொத்தை, நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழிசெய்திருக்கிறது. அந்த நிபந்தனை உண்டா என்பதே பிறகு வழக்காகிவிடுகிறது. அது காட்டப்பட்டாகவேண்டும் என்று 2022-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், முதியோரின் நலனை நோக்கி இச்சட்டத்துக்கு விரிவாகவே பொருள் கொள்ளவேண்டும் என்று 2025 ஜனவரியில் சொல்லி ஒரு தாய்க்கு அவளுடைய சொத்தை மீட்டுத் தந்தது. பத்திரம் எழுதுமுன் ஒரு நாழிகை ஆலோசனை கிடைத்திருந்தால், எத்தனையோ தாய் தந்தையர் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு அலைந்திருக்கவேண்டியதில்லை.

உயிலின் இடத்தை வேறு காகிதங்கள் நிரப்பிவிடும் என்றும் எண்ணலாகாது. வங்கிக் கணக்கில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தைப் பெற்று உரியவர்களுக்குச் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டவரேயன்றி, அதனாலேயே அதற்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்பதும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழோ பட்டாவோ உரிமைப் பத்திரமாகாது என்பதும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்கவேண்டியவை.

தன்னைத்தானே பராமரித்துக்கொள்ள இயலாத குழந்தையை உடைய பெற்றோரின் கவலை எல்லாவற்றிலும் ஆழமானது. நாங்கள் போனபின் இவனை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியோடு அவர்கள் ஒவ்வொரு இரவும் படுக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டின் டிரஸ்டு சட்டம் அவர்களுக்கும் உரியதே. உயில் மூலமாகவோ பதிவு செய்த பத்திரத்தின் மூலமாகவோ வீட்டையும் சேமிப்பையும் நம்பிக்கையான இருவர் மூவர் கையில் ஒப்படைத்து, அதன் வருமானம் அந்தக் குழந்தையின் சம்ரக்ஷணைக்கே செலவாகவேண்டும் என்று ஏற்பாடு செய்யலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்குப் பாதுகாவலரை நியமிக்க வழிவகுத்திருக்கிறது. ஆனால் பொறுப்பேற்றவர்களைக் கண்காணிக்க ஒரு வழியும் சொல்லாமல் எழுதப்படும் டிரஸ்டு ஆபத்தானது. 1794-ல் காலமான பச்சையப்ப முதலியார் தம் உயிலில் வைத்துச் சென்ற தர்மங்கள், பொறுப்பேற்றவர்களின் கையில் பல்லாண்டு சிதறிக் கிடந்து, 1832-ல் சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டுத் திட்டம் வகுத்த பிறகே ஒழுங்குக்கு வந்தன. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தது 1842-ல். அவ்வளவு பெரிய செல்வரின் விருப்பத்துக்கே அரை நூற்றாண்டு பிடித்ததென்றால், நகரத்து ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் ஒரு தகப்பனாரின் ஏற்பாட்டை யார் காப்பார்கள் என்று நாம் யோசிக்கவேண்டும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், சட்டப் பணி என்பதில் வழக்கு நடத்துவதை மாத்திரம் அல்லாமல், எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை வழங்குவதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பெண்களும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், மாற்றுத்திறனாளிகளும் வருமானம் எவ்வளவாயினும் அதைப் பெறத் தகுதியுடையவர்கள். மற்றவர்கள் வருமான வரம்புக்குட்பட்டால் பெறலாம். மூத்த குடிமக்களுக்கென்றே தேசிய ஆணைக்குழு 2016-ல் ஒரு திட்டமும் வகுத்திருக்கிறது. மாவட்ட ஆணைக்குழுக்களும் தாலுகா குழுக்களும் ஏற்கெனவே இருக்கின்றன. குறைவு என்னவென்றால், வழக்கு வந்த பிறகு உதவுவதே தங்கள் தர்மம் என்ற எண்ணம் அவற்றில் மேலோங்கியிருக்கிறது.

ஒவ்வொரு தாலுகாவிலும் மாதத்தில் ஒரு நாளேனும், சார்பதிவாளர் அலுவலகத்தின் வளாகத்திலேயோ அதற்கருகிலோ, குழுவின் வக்கீல் ஒருவர் உயில் ஆலோசனைக்கென்று அமரவேண்டும். எழுதுகிறவரிடம் அவர் தனியாகவே பேசவேண்டும். அழைத்து வந்த உறவினர் வெளியே காத்திருக்கவேண்டும். பேசியது என்ன, எழுதுகிறவர் சொன்ன காரணங்கள் என்ன என்பதற்கு ஒரு குறிப்பு எழுதி, உயிலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தவேண்டும். பிற்காலத்தில் அந்தக் குறிப்பும் அந்த வக்கீலின் வாக்குமூலமும் எந்த முத்திரையையும்விட வலிமையான பிரமாணமாகும். சாசனம் தமிழில், எழுதுகிறவர் பேசும் தமிழில் இருக்கவேண்டும். மூடி முத்திரையிட்ட உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதி 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. மக்கள் மனம் நோகுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லவேண்டும். படுக்கையில் இருப்பவரின் இல்லத்துக்கே பதிவு அதிகாரி செல்லலாம் என்று அதே சட்டம் அனுமதிக்கும்போது, சட்டப் பணிக் குழுவின் வக்கீலும் அவ்வாறே செல்வதற்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இப்பணிக்கு அனுபவமுள்ள வக்கீல்கள் வரவேண்டுமானால், ஓர் உயிலுக்குக் கொடுக்கும் ஊதியம் ஒரு வழக்கை நடத்துவதற்குக் கொடுக்கும் ஊதியத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். வழக்கறிஞர் சங்கங்களிலுள்ள மூத்தவர்கள் இளையவர்களுக்கு இதில் பயிற்சி அளிக்க முன்வந்தால், பத்திர எழுத்தர்களையும் அந்தப் பயிற்சிக்கு அழைத்து உட்காரவைப்பது உசிதம். ஜனங்கள் முதலில் போய் நிற்பது அவர்களுடைய மேசையருகேதான்.